என் உடம்புக்கு அவர் சொன்ன பதில்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம்தான். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும், நானும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு இது பெரிய கேலி. பித்தப்பைக் கல்லை எடுக்க செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "அங்க போயி டாக்டரையும் மோந்து பாத்துராத" என்றார்.

டாக்டர் சிரித்துச் சிரித்துப் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கல் என் வயிற்றில், கேள்வியெல்லாம் என் வீட்டுக்காரரிடம். எப்போது வலிக்கிறது, எதைச் சாப்பிட்டால் வலிக்கிறது, எல்லாவற்றுக்கும் இவரே இந்தியில் பதில் சொன்னார். எங்கள் ஆட்களில் அதுதான் வழக்கம், புருஷன் பக்கத்தில் இருந்தால் பொம்பளை டாக்டரிடம் வாய் திறக்க மாட்டாள். பிள்ளைகளின் ஸ்கூலில் இந்தியில் சண்டை போட மட்டும் நான்தான் போக வேண்டும்.

"ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று டாக்டர் கேட்டார்.

"குச் நஹி, சாப்", அப்படி ஒன்றும் இல்லை என்றார் இவர், யோசிக்காமல்.

எனக்குத் திக்கென்றது. முன்பு இவர் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், தொண்டைவலிக்குப் போட்ட பென்சிலின் ஊசியில் எனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இருந்தவர்கள், இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். ஊரிலிருந்து வந்ததும் இவரிடம் சொன்னேன். "சரி, சரி" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் வாயெடுத்ததும் மேஜைக்கு அடியில் என் கையை அமுக்கினார். "சும்மா இரிட்டி. அவருக்குத் தெரியாததா?"

அட்மிட் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். டாக்டர் கண்ணிலேயே படவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் சந்தேகம்தான். மாத்திரை தந்தால் அட்டையைக் கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஊசியோடு வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

"என்ன மருந்து?"

"டாக்டர் எழுதினதுதான்."

"பேர் சொல்லுங்க. சொல்லாம கை தர மாட்டேன்."

சலித்துக்கொண்டே சொன்னாள். பென்சிலின் வகை. எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன்.

"அலர்ஜி இல்லைன்னு உங்க வீட்டுக்காரர்தானே சொன்னாரு?"

"ஊசி அவருக்கா போடப் போறீங்க?" டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

டாக்டர் வந்தார். ஊசியை எடுத்துப் போகச் சொல்லி, வேறு மருந்து எழுதினார். பிறகு பழக்கதோஷத்தில், கட்டிலோரம் நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, முன்பு அந்த ஊசி போட்டபோது என்ன ஆயிற்று, மூச்சு முட்டியதா என்று விசாரித்தார்.

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்குத் தெரியாது சாப், அவளையே கேளுங்க" என்று இந்தியில் சொன்னார்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசிக் கதையை முழுசாகச் சொன்னேன். வயிற்று வலியைப் பற்றி இவர் சொல்லியிருந்ததிலும் பாதி தப்பு. அதையும் திருத்தினேன்.