கசில்தா வேஷம் கட்டிய தெயானிரா

தெயானிரா கால்விஸுக்குத் துரோகி வேஷம் தண்டனையாகத்தான் கிடைத்தது. லாஸ் தூனாஸ் ஊருக்குள் நுழையும் இடத்தில், பஸ்கள் நிற்கும் வளைவில், அவளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே ஒருநாள் தோன் இசாவுரோ பிராதா ஆட்டுக்கறி வேகவில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். தொப்பிக் கடை முதலாளி அவர்; 'தோன்' என்பது ஊர்ப் பெரியவர்கள் பேருக்கு முன்னால் சேர்க்கிற மரியாதை. ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"கறி நல்லாத்தான் வெந்திருக்கு தோன் இசாவுரோ. உங்க பல்லுதான் ஆடுது" என்றாள் தெயானிரா. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதுவரை திருவிழா நாடகத்தில் துரோகி கசில்தாவாக நடித்துக்கொண்டிருந்த பெண் அந்த வருஷம் கல்யாணமாகி புக்காரமாங்கா நகரத்துக்குப் போய்விட்டாள். கமிட்டி கூடியது, வேஷம் தெயானிராவுக்கு என்று முடிவானது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கசில்தாவின் கதை எங்கள் ஊரில் பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். நாட்டின் இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட ஆயிரம் நாள் போரில் எங்கள் ஊர் சிவப்புக் கட்சி. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற சான் எலிஹியோ நீலக் கட்சி. ஒருநாள் மத்தியானம் நீலப் பட்டாளம் வந்து ஊரைக் கொளுத்தியது. கோயில் கூரைகூடத் தப்பவில்லை. மலை முகட்டில் தனியாக இருந்த கசில்தா என்கிற சலவைக்காரி, காவல் இல்லாத நேரம் பார்த்து ஒரு நீலத் துணியைத் தொங்கவிட்டுப் பட்டாளத்துக்குச் சைகை காட்டினாள், அதற்கு ஒரு பை வெள்ளிக் காசு வாங்கினாள், பேய் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனது என்பதுதான் கதை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் இதை நாடகமாகப் போடுவார்கள். கசில்தா துணியைக் கட்டியதும் ஊரே அழுகின கொய்யாப் பழங்களை அவள் மேல் எறியும். முதல் பழம் கமிட்டித் தலைவருடையது.

முன்னால் நடித்தவர்கள் எல்லாம் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள். தெயானிரா ஓடவில்லை. புருஷனுடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்று, எறிகிறவர்களைப் பேர் சொல்லித் திட்டினாள்.

"ஏய் ரோசெந்தோ, நேத்துதானடா என் கடையில சூப்பு குடிச்ச? நாளைக்கு வா. உனக்கு எலும்பு கழுவின தண்ணிதான்."

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வருஷம் அவள் திட்டுவதைக் கேட்கவே பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். அவள் புருஷன் தெயோபிலோ வாய் அதிகம் திறக்காதவன். நாடகம் முடிந்ததும் கூடையோடு வந்து, விழுந்த பழங்களில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு போவான். ராத்திரியே அது கொய்யா மிட்டாய் ஆகிவிடும். கசில்தா மிட்டாய் என்று கேட்டு வாங்கினார்கள். தண்டனை கொடுத்த இசாவுரோவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை.

இப்படிப் பல வருஷம் நடித்தபோது தெயானிராவுக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. கசில்தாவின் வீடும் அன்றைக்கு எரிந்துதான் போனது. அவளுக்கு ஊரில் எதிரி என்று ஒருவரும் கிடையாது. அப்படியிருக்க ஏன் செய்தாள்? ஒருமுறை ஒத்திகையில் இதைக் கேட்டுவிட்டாள்.

"துரோகிக்குக் காரணம் ஒரு கேடா?" என்றார் இசாவுரோ.

"எனக்கு வேணும். காரணம் தெரியாம துணியக் கட்டினா கை வெறுமனே ஆடுற மாதிரி இருக்கு."

"நீ துணியக் கட்டு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

ஒரு வருஷம் தண்ணீர்க் குழாய் பதிக்கிறோம் என்று சதுக்கத்தை முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். நாடகம் போட இடமில்லை. மலை முகட்டிலேயே, கசில்தா வீட்டின் அஸ்திவாரக் கல் கிடக்கிற இடத்திலேயே போடலாம் என்று இசாவுரோ சொன்னார். கூட்டம் தூரத்தில் நிற்கும், சின்னத் துணி கண்ணில் படாது. அதனால் தெயானிரா தன் வீட்டுப் பெரிய படுக்கை விரிப்பை எடுத்து நீலச் சாயத்தில் முக்கினாள். மத்தியானத்துக்கு மேல்தான் நாடகம். ஈரம் காயட்டும் என்று விடிந்ததுமே முகட்டுக்குப் போய் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதைக் கட்டிவிட்டு, கடையைத் திறக்க இறங்கிவிட்டாள். வெயிலில் அது பாய்மரத் துணி மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஊர் முழுக்க மலையேறியது. இசாவுரோவின் அப்பா தோன் கந்தெலாரியோவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஊர் எரிந்த அன்றைக்கே பிறந்தவர் என்பதால் திருவிழாவில் அவருக்கு எப்போதும் முதல் மரியாதை. காது மந்தம், ஆனால் பார்வை கூர்மை. நாடகம் தொடங்கியது, தெயானிரா துணியை ஆட்டினாள், இசாவுரோ முதல் பழத்தை எறிந்தார், அதன் பின்னால் பழ மழைதான்.

அப்போதுதான் பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து ஒரு கோவேறு கழுதையின் தலை மேலேறி வந்தது. அதன் பின்னால் முட்புதர் கீறிய கைகளோடு ஒரு நடுத்தர வயதுப் பெண்ணும், மூச்சிரைத்தபடி ஓர் ஆளும். அந்த வழியில் யாரும் வந்து பல காலமாகிவிட்டது. போருக்குப் பிறகே நடமாட்டம் குறைந்துவிட்டது. ஐம்பதுகளில் மறுபடியும் கட்சி வெட்டுக்குத்து நடந்தபோது பாதையே தூர்ந்து போனது. இரண்டு ஊருக்கும் சந்தை வேறு, கல்லறை வேறு, பேச்சுவார்த்தை கிடையாது.

வந்தவளின் தோளில் ஒரு பழம் வந்து விழுந்தது.

"எவன்டா அது, வந்தவ மேல பழத்தை எறியறது?" என்றாள் அவள். குரல் தெயானிராவின் குரலுக்குக் குறைந்ததில்லை. கூட்டம் அடங்கியது. "வலி கண்டவ எங்க?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் நேராகத் தெயானிராவிடம் போய், மழைக்கோட்டை விலக்கி, வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீதானா? எத்தனை மாசம்?"

"அது புள்ளை இல்ல தாயே, ஆட்டுக்கறி. வருஷக்கணக்கா சேர்த்து வச்சது" என்றாள் தெயானிரா.

"அப்புறம் எதுக்கு நீலத்தைக் கட்டின?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தெயானிரா சிரிக்கவில்லை. கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினாள். "நீலம் கட்டினா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"என்ன அர்த்தமா? இந்த முகட்டுல நீலத் துணி பறந்தா இங்க யாருக்கோ பிரசவம் சிக்கலாயிருக்குன்னு அர்த்தம். கன்னி மரியா போட்டிருக்கிற மேலாடை நிறம் அது. பார்த்ததும் எங்க வீட்டுல யாரு இருந்தாலும் கிளம்பி வரணும். எங்க பாட்டி அம்மாகிட்ட சொன்னா, அம்மா என்கிட்ட சொன்னா. நான் பொறந்து இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடப் பறந்ததில்ல. காலையில பார்த்தேன், கை கால் ஓடல. இவனையும் இழுத்துக்கிட்டு ஓடி வர்றேன்." உடன் வந்தவன் அவள் தம்பி. அவன் ஏற்கெனவே ஒரு கல்லின் மேல் சாய்ந்து கண்ணை மூடிவிட்டான்.

அவள் பெயர் எதெல்வினா ருவேதா. சான் எலிஹியோவின் மருத்துவச்சி. தெயானிரா அவளை அஸ்திவாரக் கல்லில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மடியில் இருந்த மக்காச்சோள ரொட்டியைக் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கடைசியா பறந்தது எப்போ?"

"பட்டாளம் உங்க ஊரைக் கொளுத்தின அன்னைக்கு. கசில்தா அத்தைதான் கட்டினாளாம்."

இசாவுரோ முன்னால் வந்தார். "பட்டாளத்துக்குச் சைகை காட்டத்தான் கட்டினா. ஊருக்கே தெரியும்."

"பட்டாளம் அதுக்கு முந்தின நாளே எங்க ஊரை விட்டுக் கிளம்பிருச்சு ஐயா. இருந்த கோழியெல்லாம் புடிச்சுத் தின்னுட்டு, பெரிய ரோட்டு வழியா சுத்திப் போனானுங்க. துணி கட்டினப்போ அவனுங்க இங்க பார்க்கிற இடத்துலயே இல்ல. எங்க பாட்டி ஒருத்திதான் பார்த்தா. அவ ஏறி வர்றதுக்குள்ள கீழே புகை கிளம்பிருச்சு. அப்படியும் திரும்பிப் போகல. எரியற ஊருக்குள்ளயே இறங்கிப் பிரசவம் பார்த்தா. புள்ளை காலை முதல்ல நீட்டிக்கிட்டு வந்துச்சாம். எங்க பாட்டி சாகிற வரைக்கும் அந்தப் பெருமையைச் சொல்லிக்கிட்டே இருந்தா."

முன்வரிசையில் யாரோ தோன் கந்தெலாரியோவின் காதில் கத்தி இதைச் சொன்னார்கள். கிழவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான் அது" என்றார். "கால் முதல்ல வந்தவன் நான்தான். எங்க அம்மா அடிக்கடி சொல்லுவா. எங்க வீட்டைத் தவிர யாருக்கும் இது தெரியாதே."

இசாவுரோ தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இன்னொரு பழம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ காவல்?" என்று கேட்டாள் தெயானிரா. கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே அப்புறம் தோன்றியது. "முகட்டுல காவல் இருக்க வேண்டியவங்க எங்க போனாங்க?"

"காவல் தலைவன்தானே அந்தப் புள்ளையோட அப்பன்" என்றாள் எதெல்வினா, யார் முன்னால் சொல்கிறோம் என்று தெரியாமல். "பொண்டாட்டிக்கு வலின்னு கேள்விப்பட்டுத் துப்பாக்கியை எங்கேயோ போட்டுட்டு வீட்டுக்கு ஓடிட்டான். வாசல்ல நின்னு தொப்பியைக் கடிச்சுக் கடிச்சு அழுதானாம். தொல்லை தாங்காம, போய்த் தண்ணி சுட வை போன்னு பாட்டி விரட்டியிருக்கா. தலைவனைக் காணோம்னு மத்தவங்களும் இறங்கிட்டாங்க."

எல்லாரும் இசாவுரோவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரின் நடுச் சதுக்கத்தில் அந்தக் காவல் தலைவனுக்கு, அதாவது இசாவுரோவின் தாத்தாவுக்கு, ஒரு கல்வெட்டு இருக்கிறது.

கந்தெலாரியோ தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார். "எங்க அம்மா இந்தத் திருவிழாவுக்கு ஒரு வருஷமும் வந்ததில்ல. தலைவலின்னு கதவைச் சாத்திக்குவா. கசில்தா பேரை வீட்டுல எடுக்கவும் விடமாட்டா. அப்பா மேல இருந்த பயமோ, பாசமோ. பாவம், வாயைத் திறக்கல." பிறகு எதெல்வினாவைக் கிட்டே கூப்பிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்னை வெளியே இழுத்த உங்க பாட்டி கை இவ்வளவு சின்னதா இருந்திருக்காதே" என்றார்.

"பேய் கொண்டு போனது எல்லாம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"எந்தப் பேய்? கசில்தா அத்தை எங்க பாட்டியோடயே எங்க ஊருக்கு வந்துட்டா. இங்க திரும்பினா கல்லால அடிச்சுக் கொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டாளாம். எங்க தெருவுலதான் இருந்தா. என்னைத் தூக்கி வளர்த்தவ. பாட்டு கேட்டா நல்லா ஆடுவா. சீட்டாட்டத்துல கூசாம ஏமாத்துவா. தலை முழுக்க நரைச்ச பிறகுதான் செத்தா."

தெயானிராவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மழைக்கோட்டில் வழிகிற கொய்யாச் சாற்றோடு உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எதற்கு அழுகிறாய் என்று தெயோபிலோ கேட்டபோது, அழவில்லை என்று சொல்லிவிட்டு உண்மையாகவே கொஞ்சம் அழுதாள்.

அன்றைக்கு எதெல்வினாவையும் தம்பியையும் ஊரார் திரும்பிப் போக விடவில்லை. எந்த வீட்டில் தங்குவது என்பதற்கு ஒரு சண்டையே நடந்தது. கந்தெலாரியோ ஜெயித்தார்.

இசாவுரோ பல வாரம் தெயானிராவின் கடைப் பக்கம் வரவில்லை. தாத்தாவைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று தொப்பிக் கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பிறகு ஒருநாள், பஸ் எதுவும் நிற்காத நேரமாகப் பார்த்து வந்து உட்கார்ந்தார்.

"ஆட்டுக்கறி இருக்கா?"

"இருக்கு. வேகலன்னா சொல்லுங்க."

வெகுநேரம் மென்றார். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு மூத்தவ பொறந்தப்போ நானும் கடையத் திறந்து போட்டுட்டு ஓடினேன். கல்லாவுல இருந்ததை எவனோ அள்ளிட்டுப் போயிட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்கல."

"பொண்டாட்டி வலியில கத்தறப்போ ஓடாதவனை விட ஓடினவன் மேல்தான் தோன் இசாவுரோ. ஆனா அந்தப் பழியை ஒரு சலவைக்காரி தலையில போட்டிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றார் அவர். கறி நன்றாக வெந்திருக்கிறது என்று மட்டும் போகும்போது சொன்னார்.

மறு வருஷ நாடகத்துக்குப் பெரிய ரகளை. கசில்தா மேல் எறியக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். ஆனால் பழம் எறியாத திருவிழா ஒரு திருவிழாவா என்று பாதி ஊர் கேட்டது. அழுகிற காவல் தலைவன் மேல் எறியலாம் என்று ரோசெந்தோ சொன்னான். அந்த வேஷத்துக்கு ஆள் தேடியபோது, வேறு எவனாவது செய்தால் தாத்தாவைக் கோமாளியாக்கிவிடுவான் என்று சொல்லி இசாவுரோ தானே கட்டிக்கொண்டார். தொப்பியைக் கடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையில், கையில் பழம் வைத்திருந்த பாதிப் பேர் எறியாமலேயே நின்றுவிட்டார்கள். அவருடைய அப்பா எறிந்தார். குறி தப்பவில்லை.

பாதையை வெட்டித் திறந்தது அந்தக் கோடையில். இரண்டு ஊர் ஆட்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஆற்றங்கரையில் யார் அதிகம் வெட்டினார்கள் என்று சண்டை போட்டார்கள். திறந்த முதல் வாரமே தெயானிரா சான் எலிஹியோவுக்குப் போனாள். அந்த உடம்போடு இறங்கி ஏறுவது பாடாக இருந்தது. எதெல்வினா அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போகவில்லை. முதலில் கசில்தாவோடு சீட்டாடிய ஒரு கிழவனிடம் கூட்டிப்போனாள்.

"அவ எப்படி ஏமாத்துவான்னு காட்டுங்க. அடுத்த நாடகத்துல நானும் அப்படியே செய்யணும்" என்றாள் தெயானிரா.

கிழவன் சீட்டுக்கட்டை எடுத்தான். சட்டைக் கைக்குள் சீட்டைச் செருகும் விதத்தை அவன் காட்டக் காட்ட, தெயானிரா இருட்டும்வரை அதைப் பழகிக்கொண்டிருந்தாள்.