ஞாயிற்றுக்கிழமைக் கரையில் இருநூறு மீட்டர்

காலை 5.50. தூத்துக்குடியிலிருந்து நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் கிளம்பினோம். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கடையின் பெயின்ட் டப்பாக்களைத் தவிர அது வேறெதையும் சுமந்ததில்லை. கடலோரத்திலேயே வளர்ந்தவன், மணலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காவிட்டால் எப்படி?

6.15. நகரத்துக் கரைகள் கைவிரித்துவிட்டன. ஓரிடத்தில் பூங்காவின் கேட், இன்னோரிடத்தில் துறைமுகச் சுவர், அதைத் தாண்டினால் உப்பளம். “அத்தான், பாத்திக்குள்ள எறங்குனா ஜீப்பு கருவாடாயிரும்” என்றான் செல்வம்.

7.00. ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில் ஆத்தூர். வெற்றிலைக் கட்டுகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. டீ பன்னிரண்டு ரூபாய். குடித்தபடி என் திட்டத்தை அவிழ்த்தேன். “ஏலே, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. வேதக்கார ஊருல ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாவ. மாதா கோயில்ல பூசை முடியுற வரைக்கும் கரை சும்மா கெடக்கும்.” என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

7.45. தெற்கே ஒரு மீனவ ஊர். கரை நிஜமாகவே காலி. மணலில் புதையாமலிருக்க டயர் காற்றை முப்பத்திரண்டிலிருந்து பதினெட்டாகக் குறைத்து, நாலு சக்கரத்துக்கான லீவரைத் தள்ளி இறங்கினேன். மணல் வழிவிட்டது. செல்வம் கூவினான், நானும் கூவினேன். இருநூறு மீட்டர் இருக்கும். அடியில் ஏதோ கரகரவென்று அரைத்தது. வண்டி நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். பின் சக்கரம் இரண்டிலும் அச்சிலும் நைலான் வலை முறுக்கிச் சுற்றியிருந்தது. காயப்போட்ட வலையைக் கச்சான் என்கிற மேல்காற்று மணலால் மூடியிருக்கிறது. கடலுக்குப் போகாத நாளில் வலை வேறெங்கே இருக்கும்? இந்தச் சின்ன விஷயம் என் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

8.30. பூசை முடிந்து ஆட்கள் வந்தார்கள். வலைக்காரர் பெயர் ராயப்பன். வெள்ளை வேட்டி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவர் திட்டியிருந்தால் தேவலை. வலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பத்து நாளா சாளை மீனே இல்ல அண்ணாச்சி. நேத்துதான் தட்டுப்பட்டுச்சு. நாளைக்கு வெடியக்காலம் எறங்கணும்னு இருந்தேன்.”

“என்ன செலவானாலும் நான் தாரேன்” என்றேன்.

“துட்டு கெடக்கட்டும். நாளைக்கு எதக் கொண்டு கடலுக்குப் போவேன்?”

“வலைய எடுத்துட்டு, கிழிஞ்சத இப்பவே ஒக்காந்து பொத்திரலாமே? நாங்களும் கூட இருக்கோம்.”

“ஞாயித்துக்கெழம வலையில கை வைக்க மாட்டோம்.”

நாங்களே அறுத்துக்கொள்கிறோம் என்று செல்வம் கத்தியைக் கேட்டான். ராயப்பன் மறுத்துத் தலையாட்டினார். “எங்கன அறுத்தா மிச்சம் தப்பும்னு ஒங்களுக்குத் தெரியாது.” நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அந்த வெள்ளை வேட்டியோடு ஜீப்புக்கடியில் படுத்தார்.

“நாளும் கெழமையுமா இது என்ன வேல?” என்றாள் அவர் மனைவி ரோசம்மாள்.

“அதுக்கு? இவங்கள இங்கன விட்டுட்டு நாம போயி சோறு திங்கவா?”

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையைத் தொட்டார். அதுவும் அறுக்க. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

10.10. ஆறேழு பேர் தள்ளி ஜீப்பை ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அறுந்த துண்டுகளை வலையின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ராயப்பன் வேட்டியிலிருந்த கிரீஸ் கறையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கடைக்குள் ஒருவன் வண்டியை விட்டு, சரக்கின் மேல் நிறுத்தியிருந்தால் அவனுக்கு என்ன மரியாதை நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விடியலில் விழிப்பு வந்தது. வெளியே காற்று நன்றாக இருந்தது, கடலுக்குப் போக ஏற்ற காற்று. எழுந்து உட்கார்ந்தேன், பிறகு தூங்க முடியவில்லை.

ஊர்ப் பெயரை எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நாலு ஜீப் நிற்கும். ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் கடைக்கு வந்து, “மணல்ல ஓட்ட எடம் கெடச்சுதால?” என்கிறார்கள்.

“இல்லல” என்கிறேன்.