செவலையை ஏற்றிப் போன ஆமை

எங்கள் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த அம்மாவை ஆமை என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. இரண்டு குதிரை நிற்கக்கூடிய சின்னப் பெட்டி வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, கூப்பிட்டவர்களின் குதிரைகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் விடுவது அவர் தொழில். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்தை அவர் ஒன்றரை மணி நேரம் உருட்டுவார்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக் கடை லாரி ஓட்டியவர். ஆள் உயரக் கண்ணாடிகளை மாடி வீடுகளுக்குக் கீறல் படாமல் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அதை விட்டு ஏன் குதிரைக்கு வந்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "கண்ணாடிகிட்ட பேசினா என் மூஞ்சிதானே பதில் சொல்லுது" என்றாராம்.

எனக்கு இருப்பது ஒரே குதிரை. செவலை. குழந்தைகளுக்குச் சவாரி பழக்குகிறேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவள் புண்ணியத்தில். ஒருநாள் காலையில் லாயக் கதவின் கொக்கி அவள் இடது கண்ணைக் கிழித்துவிட்டது. மருத்துவர் வந்து பார்த்து, கண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க வச்சு தைக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இல்லன்னா இந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான்."

ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டர். அதுகூடப் பெரிசில்லை. செவலை இரண்டு வருடமாக எந்த வண்டியிலும் கால் வைத்ததில்லை. மூன்று பேருக்குப் போன் செய்தேன். மூவரும், "உன் குதிரையா? அது ஏறாதேப்பா" என்று வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் ஆமையைக் கூப்பிட்டேன். அரை மணியில் வந்து நின்றார்.

"ஏன் ஏற மாட்டா?"

"முன்னாடி ஒருத்தன் சடன் பிரேக் போட்டான். கீழே விழுந்துட்டா. அதுலேருந்து பயம்."

அவர் செவலையை, வண்டிக்குள் ஏறுவதற்கான சாய்பலகை வரை நடத்திப் பார்த்தார். அவள் முன்னால் பார்க்காமல் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"பிரேக்குக்குப் பயந்த குதிரை வண்டி நகர்ந்ததும்தான் உதைக்கும். இவ நின்ன வண்டிக்கே நடுங்குறா, அதுவும் பின்பக்கம் பாத்து. நெஜத்தைச் சொல்லுங்க தம்பி. உங்களைத் திட்ட எனக்கு நேரமில்ல. எதுக்குப் பயந்தான்னு தெரிஞ்சாத்தான் ஏத்த முடியும்."

என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

பெட்டிக்குள் குதிரையின் தலை கயிற்றில் கட்டியிருக்கும், பின்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். இறக்கும்போது முதலில் தலைக்கயிற்றை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் கம்பியை எடுக்க வேண்டும். அன்று அவசரத்தில் நான் கம்பியை முதலில் எடுத்தேன். பின்னால் வழி திறந்ததும் அவள் பின்வாங்கினாள், கயிறு தலையைப் பிடித்து இழுத்தது, பயந்து எகிறிக் கூரையில் மண்டையை இடித்துக்கொண்டு பலகையில் சரிந்து விழுந்தாள். பழியை ஓட்டுநர் தலையில் போட்டேன்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் என் மனைவி. "ரெண்டு வருஷமா அந்த ஆளைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறேனே!"

ஆமை அதைக் காதில் வாங்கவேயில்லை. "டாக்டர் இப்பத்தான் வலிக்கு ஊசி போட்டிருக்காரு. வேலை செய்யப் பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நீங்க உள்ள ஏறுங்க" என்றார்.

"நானா?"

"புதுசா என்கிட்ட வர்றவங்க எல்லாரும் ஒரு சுத்து நின்னு வரணும். கையால எதையும் பிடிக்கக் கூடாது. குதிரைக்குக் கை கிடையாது."

தெருமுனையில் ஒரே ஒரு திருப்பம்தான். சைக்கிள் வேகம்கூட இருக்காது. பெட்டிச் சுவரில் மோதி முழங்காலில் விழுந்தேன். இறங்கும்போது ஆமை என்ற பேர் என் வாயில் வரவில்லை.

பிறகு அந்த அம்மா வேலையைத் தொடங்கினார். நடுத்தடுப்பை ஒதுக்கினார். முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே வெளிச்சம் விட்டார். பலகை டமடமவென்று அதிராமல் இருக்க மரத்தூளைக் கொட்டினார். கட்டு போட்ட கண் பக்கம் நின்று என்னவோ பேசிக்கொண்டே செவலையை நடத்தினார். இரண்டு கால் வைத்தாள். உடனே இறக்கினார். நான்கு கால் வைத்தாள். மறுபடியும் இறக்கினார்.

"ஏறினவளை ஏன் இறக்குறீங்க? நேரம் போகுதும்மா!"

"இறங்க முடியும்னு தெரிஞ்சாத்தான் ஏறுவா. கொஞ்சம் வாயை மூடுங்க."

ஐந்தாவது தடவை செவலை உள்ளே போய் நின்று பெருமூச்சு விட்டாள். கம்பியை முதலில் போட்டார், அப்புறம்தான் தலையைக் கட்டினார். அதுவும் வளையத்தில் நேராகக் கட்டாமல், ஒரு மெல்லிய நூல் முடிச்சில். பெரிய ஆபத்து என்றால் கழுத்துக்குப் பதில் நூல் அறுந்து போகட்டும் என்றார். நானும் உள்ளேயே நிற்கிறேன் என்று கெஞ்சினேன்.

"வேண்டாம். அவ விழுந்தா உங்க மேலதான் விழுவா. அப்புறம் ரெண்டு ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி ஓட்டணும்."

வழி முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி இரண்டு ஆனது, இரண்டரை ஆனது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஒருவன் பக்கத்தில் வந்து, "தள்ளிக்கிட்டா போறீங்க?" என்று கத்தினான். "ஆமாப்பா, நீயும் வந்து ஒரு கை குடு" என்றார் அந்த அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். பாதி வழியில் நிறுத்தி, செவலையின் காதடியைத் தொட்டு வேர்வை இருக்கிறதா என்று பார்த்தார். காய்ந்திருந்தது.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி ஊழியர் ஓடிவந்து பின்கம்பியில் கை வைத்தார். "தலை! தலையை முதல்ல அவுக்கணும்!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் இரண்டடி தள்ளிப் போனார். அம்மா சாவகாசமாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம்தான் கம்பியை எடுத்தேன். செவலை ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கண்ணு தப்பிச்சுடுச்சு. ஓரத்துல வெள்ளையா ஒரு தழும்பு இருக்கும், அவ்வளவுதான்."

"நீங்கதான் டாக்டர் காப்பாத்தினீங்க."

"தையல் மட்டும்தான் நான் போட்டேன். இந்த மாதிரி கண்ணு வழியில ஒரு இடி பட்டாலே முடிஞ்சுது. பதறிக்கிட்டு வர்ற குதிரைங்கதான் நிறைய. இவ எங்கயும் இடிச்சுக்காம வந்திருக்கா. ஓட்டிட்டு வந்தது யாரு?"

வண்டியைத் தேடிப் போனேன். பெட்டியைக் கூட்டிக் கழுவி, பலகையைக் காயப் போட்டிருந்தது. அந்த அம்மா முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஆமை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். எழுப்ப மனசு வரவில்லை. ஈரப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் விழிக்கும்வரை காத்திருந்தேன்.