ஏறு நெற்றி

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு ஏறு நெற்றி என்று ஒரு பெருமை உண்டு. கேரளத்துக்குள் தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாலு தென்னையும் கொஞ்சம் வயலும் வைத்திருக்கிற குடும்பம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "ஏறு நெத்திங்க, யோகக்காரப் புள்ள" என்று காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள். அம்மாவுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. அந்த யோகத்தை நானும் பதினாறு வருடமாகத் தேடிப் பார்க்கிறேன். காலை ஆறரை மணி பஸ்ஸில் நின்றுகொண்டே பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய், சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புவதுதான் யோகம் என்றால், அதில் ஒரு குறையும் இல்லை.

இங்கே மலையாளத்துப் பெண்பிள்ளைகள் குளித்த தலையை அப்படியே விட்டு, பின்னால் பேருக்கு ஒரு மெல்லிய பின்னல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். குளிப்பின்னல் என்பார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. தலையை விரித்துப் போட்டால் எழவு வீடு என்று அர்த்தம். ஈரம் காயுமுன் எண்ணெய் வைத்து, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து, இரட்டைச் சடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டிவிடுவாள் அம்மா. வேலைக்கு வந்தபிறகு சடை கொண்டையாயிற்று. வலை, ஊசி, கிளிப் எல்லாம் சேர்த்து, ஒரு முடி வெளியே தெரியக்கூடாது. சாயங்காலம் ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கும்போது, தலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்க முடிந்தால் தேவலை என்று இருக்கும்.

என் மகள் தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கும் நான்தான் பின்னிவிடுவேன். என் கையும் அம்மா கைதான். நான் போனபிறகு கலைந்தால் சரிசெய்ய ஆளில்லை. இறுக்கினால் சாயங்காலம்வரை நிற்கும். உள்ளதைச் சொன்னால், என் அசதியைத்தான் அவள் தலையில் பின்னினேன். முதலில் எல்லாம், "அம்மா, கண்ணு இழுக்குது" என்பாள். "ஆடாம உக்காரு" என்பேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் எனக்குத் தோல் மருத்துவர் அறையில் டூட்டி. டாக்டர் மலையாளி, என்னைவிட வயதில் சின்னவர். நெற்றியோரம் முடி கொட்டுகிறது என்று வந்த, நாட்டியம் படிக்கிற ஒரு பெண்ணிடம், "முடி வலிச்சு கெட்டருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இழுத்துக் கட்டாதே என்று அர்த்தம். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அந்தப் பெண் போனதும் என் நெற்றியைப் பார்த்து, "சிஸ்டருக்கும் இதுதன்னெ" என்றார். இது பிறவியிலேயே வந்த ஏறு நெற்றி, எங்கள் குடும்ப அடையாளம் என்று சிரித்தேன். சின்ன வயது போட்டோ இருந்தால் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். ஐந்து வயதில் எனக்குப் புருவத்துக்கு மேலே மூன்று விரல் தள்ளி முடி தொடங்குகிறது. காதோரம் அடர்த்தியாக இருக்கிறது. யோகமும் இல்லை, ஒன்றும் இல்லை. இழுத்து இழுத்துக் கொட்டியிருக்கிறது. என்னுடையது வேர் செத்துப்போயிற்று, இனி வராது. குழந்தைகளுக்குச் சீக்கிரம் நிறுத்தினால் முளைத்துவிடும் என்றார் டாக்டர் மறுநாள். அன்று வீட்டுக்குப் போனதும் மகளின் காதோரத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பூனைமுடிதான் மிச்சம், நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம். அதற்கு முந்தின வாரம்தான், "இவளுக்கும் ஏறு நெத்தி வந்துருச்சு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்திருந்தேன். நர்ஸ் வேலை பார்த்து என்ன புண்ணியம் என்று என்மீதே வெறுப்பாக வந்தது.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் காதோரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"மோளே, அம்ம முடி வலிக்குமோ?"

அம்மா முடியை இழுப்பாளா என்றுதான் கேட்டார். மகளுக்கு அவ்வளவு மலையாளம் போதாது. வலிக்குமா என்று காதில் விழுந்திருக்கிறது. என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "வலிக்காதுங்க" என்றாள் வேகமாக.

அப்படியானால் இழுப்பதில்லை, வேறு காரணம் இருக்கும் என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். இரண்டு மொழியும் தெரிந்தவள் அந்த அறையில் நான்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் மானம் தப்பியதே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகக்கூட இருந்தது.

ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசை. பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏன் கண்ணு, நெசமாவே வலிக்காதா?"

"வலிக்கும்."

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட இல்லேன்னே?"

"வலிக்குதுன்னு சொன்னா நீ இன்னும் இறுக்குவீல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். தூக்கம் போதாத காலைகளில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட காலைகளில், அவள் முனகினால் கை தானாக இன்னொரு இழுப்பு இழுக்கும். அவள் அதைக் கணக்காகத் தெரிந்துவைத்திருந்தாள், எனக்குத்தான் தெரியவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப அந்த அறைக்குப் போனேன். உள்ளே வேறு ஆட்கள் இருந்தார்கள். ரத்தச் சீட்டை மேஜைமேல் வைத்தேன். மலையாளத்தில் சொல்லியிருக்கலாம். மகளுக்கும் புரியட்டும் என்று முதலில் தமிழில் சொன்னேன். "நான்தான் இழுப்பேன் டாக்டர். அவ வலிக்குதுன்னா இன்னும் இழுப்பேன்."