சொந்தக் காடு

குழு வருகிறது என்றால் குழுவுக்கு முன்னால் பூந்தொட்டிகள் வந்துவிடும். ஹைதராபாத் பேகம்பேட்டில் என் தட்டச்சுக் கடைக்கு எதிரே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. அன்று காலை அதன் வாசலில் லாரி ஒன்று நின்று தொட்டி தொட்டியாகச் செடிகளை இறக்கிக்கொண்டிருந்தது. விவசாயத்துக்கும் வனத்துக்கும் அரசு போடும் கொள்கைகள் ஊரில் எப்படி நடக்கின்றன என்று மேற்பார்வை பார்க்க டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறதாம். அந்த அலுவலகத்துப் பியூன் என் கடை வாசலில் வந்து நின்று, "பச்சையப் பாக்க வர்றவங்களுக்கு நாமதானே அக்கா பச்சையக் கொண்டாந்து வைக்கணும்," என்றார். அவர் சொன்னது தெலுங்கில். எங்கள் ஊரில் பாதிப் பேச்சு தெலுங்கு, கால் பேச்சு இந்தி; எழுதும்போது நான் தமிழாக்கிக்கொள்கிறேன். யார் எது ருசியாகச் சொன்னாலும் கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். அதையும் குறித்தேன்.

அவர் வந்தது செடியைப் பற்றிப் பேச அல்ல. குழுவின் தலைவர் தமிழர். மனு கொடுக்க வந்திருக்கும் ஓர் அம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்தவர் போனையே எடுக்கவில்லை. "உங்களுக்கு ரெண்டும் வருமே அக்கா, அஞ்சு நிமிஷ வேலை," என்றார். அஞ்சு நிமிஷ வேலை என்று இனி யார் சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை. அன்று நம்பினேன்.

நான் மொழிபெயர்ப்புப் படித்தவள் இல்லை. பத்தாவதோடு சரி. தெலுங்கை பஸ் போர்டிலும் அடுத்தவர் மனுக்களிலும் எழுத்துக் கூட்டிக் கற்றேன். தமிழ் வீட்டில் வந்தது. எங்கள் குடும்பம் சிகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் வீட்டுக்குள் இன்றைக்கும் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சுதான். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

அந்த அம்மா வராந்தாவில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்சல் தாண்டி ஏதோ கிராமம். என் வயதுதான் இருக்கும். அவர் என்னை அக்கா என்றார், நானும் அவரை அக்கா என்றேன். தங்கையாக இருக்கத்தான் இருவருக்குமே ஆசை. உள்ளே கூப்பிடுவதற்குள் கதையைக் கேட்டுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் அரசாங்கமே தேக்கங்கன்று கொடுத்து நிலத்தில் நடச் சொன்னது. நட்டார். இந்தக் கோடையில் அடித்த சூறைக்காற்றில் பதினோரு மரம் சாய்ந்து நிலத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. அவற்றைத் தூக்கினால்தான் உழ முடியும், உழுதால்தான் முதல் மழைக்கு மக்காச்சோளம் போட முடியும். ஆனால், விழுந்தே கிடந்தாலும் தேக்கைத் தொட வனத்துறையின் உத்தரவு வேண்டும்.

"ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனா, 'இது வெவசாய நெலம்னு அக்ரிகல்ச்சர்ல எழுதி வாங்கிட்டு வா'ங்கிறாங்க. அக்ரிகல்ச்சர் ஆபீசுக்குப் போனா, 'மரம் இருக்கே, மரம்னா ஃபாரஸ்ட்தான்'ங்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும் அக்கா? மரத்த எழுப்பி, நீயே போய்ச் சொல்லுன்னு அனுப்பவா?"

உள்ளே நீள மேசை. ஒரு பக்கம் வனத்துறைக்காரர்கள், எதிர்ப்பக்கம் விவசாயத்துறைக்காரர்கள், சம்பந்தம் முறிந்துபோன இரண்டு வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு முடிந்தது. சால்வை முடிந்தது. அப்புறம் திரையில் படம் காட்டினார்கள்: கன்று நடுகிறவர்கள், நட்ட கன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள், நிற்கிறவர்களுக்குக் கை கொடுக்கிறவர்கள். கன்று மட்டும் எந்தப் படத்திலும் ஒரு முழத்துக்கு மேல் வளரவில்லை. நிஜமாகவே மரம் வளர்த்த ஒரே ஆள், கதவோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிவிடும் என்று யாரோ வந்து தலைவர் காதில் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவின் முறை வந்தது.

தலைவர் நல்ல மனிதர்தான். மெட்ராஸ் பக்கத் தமிழ். நான் கதையைச் சொல்லி முடித்ததும், "மரமெல்லாம் இப்ப எங்கம்மா கிடக்கு?" என்று கேட்டார்.

நான் தெலுங்கில் கேட்டேன். "நா சேன்லோ," என்றார் அந்த அக்கா. சேனு என்றால் வானம் பார்த்த நிலம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே சொல்தான். யோசிக்காமலே வந்தது.

"அவங்க காட்டுலீங்க."

"யாரு காடு?"

"அவங்க சொந்தக் காடுதானுங்க."

"சொந்தக் காடா?" தலைவர் சிரித்தார். பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்த அவருடைய உதவியாளரும் சிரித்தார். என் கொங்குப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

உதவியாளர் பொறுப்பான பிள்ளை. எழுதுமுன் உறுதி செய்துகொள்ள நினைத்து, அந்த அக்காவிடமே நேராக ஒரே சொல்லில் கேட்டார்: "ஃபாரஸ்ட்?"

அந்தச் சொல்லால்தான் அவர் இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். பதறிப்போய், "ஃபாரஸ்ட் காது சார், காது, காது," என்றார். தெலுங்கில் காது என்றால் 'இல்லை'. ஃபாரஸ்ட் இல்லை சார், இல்லை, இல்லை. ஆனால் அப்போதுதான் என் வாயிலிருந்து காடு, காடு என்று கேட்டிருந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அது எப்படி விழுந்திருக்கும்? அவர் தலையை ஆட்டிக்கொண்டு தட்டிவிட்டார். மொழிபெயர்க்கப் போன நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அந்த அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு தெளிவாச் சொன்னீங்க அக்கா," என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காகிதத்தோடு என் கடைக்கு வந்தார். அவருடைய பகுதி வனத்துறை அலுவலகம் அனுப்பியிருந்த நோட்டீஸ். கூடவே குழுவின் குறிப்பு, ஆங்கிலத்தில். மனுதாரரின் மரங்கள் காட்டில் விழுந்துள்ளன. அந்தக் காடு தமக்கே சொந்தம் என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். வனநிலம் தனியார் கையில் இருப்பது கவலைக்குரியது, விசாரிக்கலாம்.

"என்ன போட்டிருக்கு அக்கா? மரத்தத் தூக்கிக்கலாமா?"

நான் இரண்டு முறை வாசித்தேன். தப்பாக எழுதிவிட்டார்கள், நான் பேசுகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அப்புறம் சாயங்காலம் வரை அந்த உதவியாளரைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்குப் போய் மகளிடமும் திட்டினேன். என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

"நுவ்வு ஏமன்னாவு அம்மா?" நீ என்ன சொன்னே என்று கேட்டாள்.

"அவங்க காட்டுலீங்கன்னேன்."

"காடு அண்ட்டே ஃபாரஸ்ட் கதா?" காடு என்றால் ஃபாரஸ்ட்தானே என்றாள்.

"காடுன்னா நெலம்டி. சோளக்காடு, பருத்திக்காடுன்னு நான் சொல்லிக் கேட்டதில்லையா நீ?"

கேட்டிருக்கிறாளாம். காட்டுக்குள் தானாக முளைத்த சோளம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் தமிழ் பாதிக்கு மேல் கைபேசியில் பார்த்துக் கற்ற தமிழ்; அந்தத் தமிழில் காடு என்றால் புலி இருக்கும். நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். நிலம் என்று சொல்லியிருக்கலாம். வயல் என்றாலும் குற்றமில்லை. புன்செய் என்று எத்தனை மனுவில் என் கையாலேயே அடித்திருக்கிறேன். அத்தனை சொல்லும் இருக்க, அந்தச் சபையில் போய் வீட்டுச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை உதவியாளருக்குப் போன் போட்டேன்.

"பதிவ மாத்த முடியாதும்மா. அவங்க வாயாலயே மூணு தரம் சொன்னாங்க."

"அவங்க இல்ல, இல்லன்னு சொன்னாங்க தம்பி."

"காடுன்னாங்கம்மா. நான் கேட்டேனே."

"காதுன்னாங்க. தெலுங்குல அதுக்கு இல்லன்னு அர்த்தம்."

"சரி, நீங்க சொன்னது? நீங்களும் காடுன்னுதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது காடுதான். ஆனா எங்க பக்கத்துல காடுன்னா நெலம்."

"அம்மா, அவங்க சொன்னது காடே இல்ல. நீங்க சொன்னது காடு, ஆனா அந்தக் காடு காடு இல்ல. இத நான் எப்படிம்மா மேல அனுப்பறது?"

அவரையும் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுங்கள், அகராதிப் பக்கத்தை இணைத்துக் கொடுங்கள் என்றார். அகராதியில் காடு என்பதற்குக் கீழே வனம் முதலில் வந்தது. புன்செய் நிலம் எங்கோ அடியில் பம்மிக் கிடந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து, சிவப்பில் கோடு போட்டு, இன்ன ஊர்ப் பூர்வீகத்தைக் கொண்ட நான் இன்ன பொருளில்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

அந்தப் பக்கம் நோட்டீசுக்குப் பதில் சொல்ல அந்த அக்காவோடு வனத்துறை அலுவலகத்துக்கும் போனேன். அங்கே இருந்த அதிகாரி பழைய ஹைதராபாத்துக்காரர், பேச்செல்லாம் தக்கனி, அதாவது அந்த ஊர் உருது. "கைக்கு பரேஷான் ஹோதே அம்மா?" என்று ஆரம்பித்தார். ஏன் கவலைப்படுகிறீர்களாம். டெல்லியிலிருந்து காகிதம் வந்தால் அடுத்த நிமிஷம் முடித்துக் கொடுப்பாராம்.

"வந்த காகிதமே தப்புங்க சார்," என்றேன்.

"ஹவ்," என்று ஒப்புக்கொண்டார். "தப்புதான். ஆனா மேல இருந்து வந்த காகிதத்தை நக்கோ, வேண்டாம்னு நான் சொல்ல முடியுமா? தப்பா வந்ததுக்குச் சரியா ஒண்ணு வரட்டும்."

"அதுக்குள்ள மழை வந்துருமே சார்," என்றார் அந்த அக்கா. அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

மழை வந்தது. அதற்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த அக்கா போனில் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்கிற குரலில், இன்னும் காகிதம் வரவில்லை என்று இழுத்தேன். அதற்குள் உண்மையை அவரிடம் சொல்லியிருந்தேன். என் வாயால்தான் அவர் நிலம் காடாகிவிட்டது என்று. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ட்ராக்டர் நுழைய வழியில்லை, மாடு கட்டினாலும் திருப்ப இடமில்லை. அதனால் ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் கை போகிற இடத்திலெல்லாம் கொத்தி விதை போட்டுவிட்டாராம். "பாதி நெலம் போச்சு. மீதிப் பாதியையும் எதுக்கு அவங்களுக்குக் குடுக்கணும்?" என்றார்.

ஒரு வழியாகத் திருத்தம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி: 'ஃபாரஸ்ட்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'லேண்ட்' என்று படிக்கவும். இடங்களிலெல்லாம் என்று போட்டுவிட்டதால், அந்தப் பதிவில் வனத்துறை நிலத்துறையாகிவிட்டது. குழுவின் பெயரிலிருந்தே வனம் போய்விட்டது. நான் போன் போடவில்லை. மறுபடி திருத்தினால் எது எதுவாகும் என்று யார் கண்டது. பியூன் மட்டும் படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு அம்மாவோட நெலத்தக் காட்டுல இருந்து எடுக்கச் சொன்னா, மொத்தக் காட்டையும் எடுத்துட்டாங்களே அக்கா," என்றார்.

தக்கனி அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை, பார்வையிட வந்தார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். மக்காச்சோளம் இரண்டு சாண் வளர்ந்திருந்தது. மரங்கள் கிடந்த கோணலுக்கெல்லாம் வளைந்து வளைந்து வரிசை. கால் வைக்க இடமில்லாமல் அவர் ஒரு தேக்கின் மேலேயே ஏறி நடந்து மற்றதை எண்ணினார். "சார், பயிரு, பாத்து எறங்குங்க," என்று அந்த அக்கா கீழேயிருந்து அதட்டிக்கொண்டே போனார். அவரும் பயந்து பயந்துதான் இறங்கினார். படிவத்தில் விவசாய நிலம் என்று என் கண் முன்னாலேயே எழுதினார்.

உத்தரவு வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. மரத்தைத் தூக்கிக்கொள்ளலாம், உத்தரவு ஒரு மாதம் செல்லும். அந்த ஒரு மாதமும் பயிர் இடுப்பளவு நின்றது. லாரி உள்ளே போனால் பயிர் போய்விடும். லாரி போகாவிட்டால் உத்தரவு காலாவதி. மரத்தின் அடிப்பக்கம் செல்லரிக்க ஆரம்பித்திருந்தது.

அந்த அக்கா பயிரைத்தான் தேர்ந்தெடுத்தார். உத்தரவை நீட்டிக்கச் சொல்லி மனு போட வேண்டும் என்று போன வாரம் என் கடைக்கு வந்தார். பையில் எனக்கு நான்கு கதிர் கொண்டுவந்திருந்தார், இன்னும் முற்றாதவை, மேல் தோகையில் ஈரம். மனு தெலுங்கில். பெயர், ஊர், மரங்களின் எண்ணிக்கை என்று அடித்துக்கொண்டே வந்து, நிலத்தின் தன்மை என்ற கட்டத்தில் ஒரு நொடி நின்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கை நின்றதைப் பார்த்துவிட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்து, எனக்குப் புரியட்டும் என்று பாதி என் மொழியிலும் பாதி அவர் மொழியிலுமாக நிதானமாகச் சொன்னார்.

"அக்கா, காடு காது."

'வ்யவசாய பூமி' என்று அடித்து, விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.