ஊசியும் ஒரு உத்தரணி தீர்த்தமும்

போன வருஷம் மழைக்காலத்துல, கடலூர்ல எங்க வீட்டுல நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து, உயிர் பொழைச்சாரே தவிர பேச்சு போயிடுச்சு, முழுங்கவும் முடியல. மூக்குல டியூப் வெச்சுத்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்த வாய்ப் பயிற்சியோட, சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட அக்குபஞ்சரும் பார்த்தோம். தாடைக்குக் கீழ, கழுத்துலன்னு முடி மாதிரி மெல்லிசா ஊசி. "ஊசியை நம்பிப் பயிற்சிய விட்டுடாதீங்க. முக்கியமா, தண்ணி வாயில ஊத்தவே கூடாது. தடம் மாறி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து"ன்னு அவங்க கண்டிச்சுச் சொன்னாங்க.

பார்க்க வர்றவங்களுக்கு இது புரியணுமே! ஒருத்தர் இளநியோட வந்தாரு, இன்னொருத்தங்க ரசத்தோட. "ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காம காயப்போடுறியே"ன்னு எனக்கு அர்ச்சனை வேற. என் தம்பி, "ஊசி குத்தினா பேச்சு வந்துடுமாக்கும்"னு நக்கல். எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்.

அன்னைக்கு ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து அவரோட அக்கா, என் நாத்தனார், பெருமாள் தீர்த்தத்தோட வந்தாங்க. "அண்ணி, தண்ணி குடுக்கக் கூடாது அண்ணி"ன்னேன்.

"தீர்த்தத்தைப் போயி தண்ணிங்கிறியேடி!"ன்னு ஒரே அதட்டல்.

தீர்த்தத்தை வாணாம்னு எந்த வாயால சொல்றது? நெத்தியில தெளிங்கன்னு சொல்லலாம்னு நெனைக்கிறதுக்குள்ள, உத்தரணிக் கரண்டிய அவர் உதட்டுகிட்ட கொண்டுபோயிட்டாங்க.

அவர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. திக்கித் திணறி, "வா...ணாம்"னாரு.

ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அவர் பேசின முதல் வார்த்தை! நாத்தனார் உத்தரணியக் கீழ போட்டுட்டு, "பெருமாளே, பேச வெச்சிட்டியே"ன்னு ஓன்னு அழுதாங்க. நக்கல் அடிச்ச தம்பியோ, "பார்த்தியா, ஊசி வேலை செய்யுது"ன்னு கட்சி மாறிட்டான். கஷ்டகாலம், ரெண்டு பேருக்கும் அந்தச் சண்டை இன்னும் தீரல. ஊசியா, பயிற்சியா, தானா வந்துதான்னு எனக்கும் தெரியாது. டாக்டரம்மாவே அடிச்சுச் சொல்லல. இப்ப கூழ் பதத்துல குடுத்தா முழுங்குறாரு, அது போதும் எனக்கு.

ஆனா, யார் மனசும் நோகக் கூடாதுன்னு பேச்சு இருக்குற நான் வாய மூடிட்டு நின்னப்ப, பேச்சே இல்லாத மனுஷன் தன் உயிரைத் தானே காப்பாத்திக்க வேண்டியதாப் போச்சேங்கிற ஆத்திரம் மட்டும் எனக்கு இன்னும் ஆறல.