பெரியும்மா என்னும் கிரகம்

எங்கள் பெரியும்மாவை ஏமாற்றிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான், அது நான்தான் என்று பல வருஷம் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வெளியில் சொல்ல முடியாத பெருமை. சொன்னால் முதுகில் விழும் என்பது நிச்சயம்.

பெரியும்மா என் உம்மாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. அவர் மூதூரில், நாங்கள் கிண்ணியாவில். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டுவதற்கு முன்பே இது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவார். புடவைக்கடைக்காரர் அவரைக் கண்டதும் நல்ல துணியை மட்டும் வெளியே எடுப்பார். அப்படிப்பட்டவரை ஒன்பது வயதில், ஒரு விளையாட்டை வைத்து நான் ஏமாற்றினேன்.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் மாமா. உம்மாவுக்கும் பெரியும்மாவுக்கும் ஒரே தம்பி. கட்டாரில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். போன ஆறு பெருநாளையும் அங்கேயே கழித்தவருக்கு அந்த வருஷம்தான் நோன்பு மாதத்தில் லீவு கிடைத்தது. வந்த அன்றே பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் சாமான் கொடுத்து முடித்தபிறகு, தன்னுடைய பழைய லெப்டொப்பைக் கதிரையில் வைத்து, 'இது எனக்கும் மகளுக்கும்' என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

விளையாட்டு இதுதான். இருட்டான விண்வெளியில் நீங்கள் ஒரு சின்னக் கல்லாகத் தொடங்குவீர்கள். உங்களைவிடச் சின்னக் கற்களை மோதி விழுங்கினால் பருப்பீர்கள். பெரியதோடு மோதினால் நீங்கள் முடிந்தீர்கள். கல் பருத்துக் கிரகமாகும், கிரகம் பருத்து நட்சத்திரமாகும். ஆனால் மோதாமல், பக்கவாட்டில், மெதுவாக, சரியான தூரத்தில் போனால் சின்னது உங்களுக்குள் விழாது. உங்களைச் சுற்றத் தொடங்கும். அப்படிப் பிடித்தவை உங்களுடைய நிலாக்கள். வெல்வது தோற்பது என்று அதில் ஒன்றும் கிடையாது, வளர்த்துக்கொண்டே போகலாம். நேரத்தை வேகமாக ஓட்டுவதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் ஆயிரம் வருஷம் ஒரு நிமிஷத்தில் ஓடிவிடும்.

மாமா விளையாடத் தெரியாதவர். கிரேன் ஓட்டுகிறவருக்குப் பொறுமை இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவரோ கண்ணில் பட்டதையெல்லாம் நேராகப் போய் விழுங்கினார். பகல் முழுக்க நோன்பிருந்த பசியை அந்த மனுசன் விண்வெளியில்தான் தீர்த்துக்கொண்டார். நான் மூன்று நாளாகப் பிடித்துவைத்த நிலாவை அவர் ஒருநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தின்றுவிட்டார். நான் அவரோடு பேசாமல் ஒரு முழுநாள் கோபமாக இருந்தேன். மறுநாள் அவர் லெப்டொப்பை என் மடியில் வைத்து, இனிமேல் தான் பக்கத்தில் இருந்து பார்ப்பது மட்டும்தான் என்று சத்தியம் பண்ணினார்.

நோன்பு பாதி முடிவதற்குள் எங்களிடம் ஒரு நட்சத்திரமும் அதைச் சுற்றி ஐந்து கிரகங்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வீட்டு ஆட்களின் பெயர் வைத்தோம். சத்தமில்லாமல் தூரத்தில் சுற்றுவது வாப்பா. நட்சத்திரத்துக்கு மிகக் கிட்ட, எந்த நேரமும் கொதித்துக்கொண்டிருப்பது உம்மா. எல்லாவற்றிலும் பெரியதாக, ஏழு நிலாக்களோடு, நடுவில் ஒரு வளையமும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் போகிற வருகிற கல்லையெல்லாம் தன் பக்கம் இழுக்கிற ஒன்று இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கே மூதூருக்கு வீடியோ கோல் எடுத்து, போனை லெப்டொப்புக்கு நேரே பிடித்தார்.

"ராத்தா, இது நீங்க."

பெரியும்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "இடுப்பில என்ன, ஒட்டியாணமா?"

"ஓம், ஒட்டியாணம்தான்."

"வடிவாத்தான் இரிக்கி. அப்ப நான் சுத்துறனா, என்னச் சுத்துறாங்களா?"

"ரெண்டும்தான் ராத்தா" என்று மாமா சொல்ல, மூதூரில் குசினிக்குள் அவர் சிரித்த சிரிப்பு கிண்ணியா வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

சந்தோஷமான மாதம் அது. அதில் ஒரே ஒரு முள், மாமாவின் திரும்பும் டிக்கெட். அதை எடுத்துக் கொடுத்தது அவருடைய கம்பனி, தேதியை மாற்ற முடியாது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். மாமா எங்களோடு தொழுது, சாப்பிட்டு, அன்று இரவு புறப்படலாம். தெரியாவிட்டால் நோன்பு முப்பதாகும். முப்பதாம் நோன்பு திறந்த கையோடு அவர் விமான நிலையத்துக்கு வான் ஏற வேண்டும், பெருநாள் விடியும்போது ஆகாயத்தில் இருப்பார். ஆறு பெருநாள் ஏழாகிவிடும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வாரம் உம்மா கலண்டரைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

மாமாவுக்குப் பெருநாள் என்றால் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்துப் பெரியும்மா அவிக்கும் வட்டிலப்பம். கட்டாரிலிருந்து பேசும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார். முதலே செய்து கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். உம்மா என்னைப் பயந்து பார்த்தார். பிறை காணாமல் பெருநாள் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்பது பெரியும்மாவின் சட்டம். அவர் கல்யாணம் முடித்த காலத்திலிருந்து ஒரு வருஷமும் அதை மீறியதில்லை. பக்கத்து வீட்டார் இருபத்தெட்டிலேயே மா வறுத்தால் அதற்கு ஒரு வாரம் கதை சொல்லுவார். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தச் சட்டத்துக்குள் தானும் அகப்பட்டுக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று வாப்பா, மாமா, நான் மூன்று பேரும் பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்துக்குப் போனோம். ஊரில் பாதி அங்கேதான் நின்றது. பாங்கு கேட்டு நோன்பைத் திறந்துவிட்டு எல்லோரும் மேற்கே தம்பலகாமத்துப் பக்கம் பார்த்தோம். அந்தப் பக்கம் முழுக்க மேகம். வேறு நாளென்றால் அழகான மேகம் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதை இரண்டு கையாலும் இழுத்து எறியவேண்டும் போல இருந்தது. யாரோ ஒரு பொடியன் 'அந்தா' என்று கத்தினான். எல்லாக் கழுத்தும் திரும்பியது. பார்த்தால் அது விமானம்.

திரும்பி வரும்போது மாமா எதையாவது சொல்லி என்னைச் சிரிக்கவைப்பார் என்று காத்திருந்தேன். அவரோ என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகை வந்தது.

ஆண்கள் தொழப் போனார்கள். உம்மா குசினியில் வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு அறிவிப்புக்காகக் காத்திருந்தார். நான் லெப்டொப்பைத் திறந்தேன். எங்கள் கிரகங்கள் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பெரிய கிரகத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நட்சத்திரத்தின் வெளிச்சம் மறுபக்கம் விழ, எங்கள் பக்கம் ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று வளைந்து நின்றது. அசல் பிறை. வளையம் பக்கவாட்டில் திரும்பியிருந்தபடியால் குறுக்கே ஒரு கோடு மாதிரித்தான் தெரிந்தது. அதை யார் கவனிக்கப் போகிறார்கள்!

உம்மாவின் போனால் அதைப் படமெடுத்தேன். கீழே 'பிறை' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி மூதூருக்கு அனுப்பினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறைதானே? எந்த வானத்துப் பிறை என்று நான் எழுதவில்லையே. என் கணக்கு வேறு. எங்கள் குடும்பத்தில் பெரியும்மா அடுப்பு மூட்டிவிட்டால் அதற்குப்பிறகு எல்லாமே அவரைச் சுற்றித்தான் நடக்கும். வட்டிலப்பம் வெந்துவிட்டால் பெருநாள் எப்படி வராமல் இருக்கும்?

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'அல்ஹம்துலில்லாஹ்.' அவ்வளவுதான்.

அரை மணித்தியாலம் கழித்து வானொலி சொன்னது. நாட்டில் எந்த இடத்திலும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும். உம்மா வானொலியை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.  போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தேன். இங்கே அழித்தால் மூதூரிலும் அழிந்துபோகும் என்று நம்பினேன்.

முப்பதாம் நோன்பு எனக்கு ஒரு வருஷத்தின் நீளம் இருந்தது. நேரத்தை ஓட்டுகிற பொத்தான் விளையாட்டில் மட்டும்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு விளங்கியது. மாமா பெட்டி அடுக்கினார். நான் லெப்டொப்பின் பக்கமே போகவில்லை. காய்ச்சலா என்று உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் வந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று தோன்றியது.

பின்னேரம் வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. முதலில் இறங்கியது ஒரு பெரிய சட்டி. பிறகு ஈயத்தாள் மூடிய மூன்று தட்டுகள். பிறகு பெரியும்மா, அவருக்குப் பின்னால் பெரியப்பா. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்ன ராத்தா இது?" என்று உம்மா வாயில் கை வைத்தார்.

"பிறை கண்ட எண்டு கதை வந்திச்சு. நம்பி தேங்காப்பால பிழிஞ்சிட்டன். பிறகுதான் இல்லையாம் எண்டாங்க. பிழிஞ்ச பாலைத் திரும்பத் தேங்காய்க்குள்ள ஊத்த ஏலுமா?"

"யாரு சொன்ன?"

"யாரோ சொன்னாங்க. ஊர்க்கதைதானே" என்று சொல்லிக்கொண்டே அவர் என்னைக் கடந்து குசினிக்குள் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ராத்தா ஏமாந்ததைக் கண்ணால் கண்டோமே என்று அன்று மாலை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரியும்மா பேசாமல் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து மூச்சு விட்டேன்.

பாங்கு சொன்னது. முப்பதாம் நோன்பும் முடிந்தது. இனிப் பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பெருநாள்தான். பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட கையோடு பெரியும்மா மூடியைத் திறந்தார். கித்துள் கருப்பட்டியும் ஏலமும் வீடு முழுக்க மணத்தது. முதல் துண்டு மாமாவுக்கு. இரண்டாவது துண்டை, வாப்பாவும் பெரியப்பாவும் கோப்பையை நீட்டிக்கொண்டு இருக்க, எனக்கு வைத்தார். பெரிய துண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். பாவம், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். குற்ற உணர்ச்சி கொஞ்சம் இருந்தது, ஆனால் வட்டிலப்பத்தின் ருசி அதைவிடக் கூட.

மாமா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. சூடாக இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னார், வட்டிலப்பம் ஆறி மணிக்கணக்காகியிருந்தது. பெருநாள் உடுப்பென்று உம்மா எடுத்துவைத்திருந்த சேட்டைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்தார். வான் வந்து ஹோர்ன் அடிக்கவும் பள்ளியில் பெருநாள் தக்பீர் முழக்கம் தொடங்கவும் சரியாக இருந்தது. பெட்டிகளை ஏற்றியபிறகு லெப்டொப்பை என் கையில் தந்தார். "ஒண்டையும் தின்னாத. நான் வரும்வரைக்கும் எல்லாம் சுத்திக்கொண்டு இரிக்கட்டும்" என்றார். வான் சந்தி திரும்பும்வரை தக்பீர் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் போகிறார் என்பதில் எனக்கு அழுகை வந்தாலும், பெருநாளோடுதான் போகிறார் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது மாமா ஊரோடு வந்துவிட்டார். நான் திருகோணமலையில் வேலைக்குப் போகிறேன். போன வருஷம் பெருநாளைக்கு முந்திய நாள் மூதூரில் பெரியும்மாவுக்கு உதவியாகக் கருப்பட்டி சீவிக்கொண்டிருந்தேன். பிறை கண்டாகிவிட்டது, அடுப்பும் மூட்டியாகிவிட்டது. இனிமேல் அடிக்க மாட்டார் என்ற தைரியத்தில் உண்மையைச் சொன்னேன். அந்தப் படத்தை அனுப்பியது உம்மா இல்லை, நான்தான் என்று.

பெரியும்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"உன்ட உம்மா படம் எடுத்து அனுப்புற ஆளா? அதோட, மகளே, அந்தப் படத்தில இருந்தது நான்தானே. எனக்கு என்னையே தெரியாதா? இடுப்பில ஒட்டியாணமும் இருந்திச்சே."

என் கையில் கத்தி அப்படியே நின்றது. "அப்ப ஏன் சமைச்ச நீங்க?"

"பிறை காணாம அடுப்பு மூட்டமாட்டன் எண்டு ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டன். தம்பி திங்காமப் போறான் எண்டு மூணு நாளா நெஞ்சு வெந்துகொண்டு இருந்திச்சு. ஆரும் ஒரு சாட்டு, ஒரு காரணம் தரமாட்டாங்களா எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். நீ ஒரு பிறை அனுப்பினாய்."

பிறகு முட்டையை உடைக்கச் சொன்னார். நான் உடைத்தேன். உம்மாவின் அத்தனை சிரிப்பையும் அவர் ஏன் பேசாமல் வாங்கிக்கொண்டார் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் என் கோப்பையில் அந்த இரண்டாவது துண்டை அவர் வைத்தபோது, அது ஏன் எனக்கு என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.